முகத்துக்கு ஒரு லென்ஸ்: கையைக் கடிக்காமல் தேர்ந்தெடுக்க

போர்ட்ரெய்ட் லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் லென்ஸ் பெயர் எதையும் சொல்வதில்லை. வீட்டில் டேப் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். தையல் டேப், தச்சு டேப், எதுவானாலும் சரி. நீங்கள் வழக்கமாக ஆட்களைப் படம் எடுக்கும் இடத்தில், அவர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து, நீங்கள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடிய இடம் வரைக்கும் அளந்து எழுதி வையுங்கள். பாதி முடிவு அந்த ஒரு எண்ணிலேயே வந்துவிடும். விமர்சனங்களும் விலைப்பட்டியல்களும் மீதிப் பாதிக்குத்தான்.

நான் நாடக ஒத்திகைகளில் படம் எடுப்பவள். ஒப்பனை போடாத முகங்கள், வசனம் மறந்து விழிக்கும் முகங்கள், முறை வருவதற்காகக் காத்திருந்து அலுத்துப்போன முகங்கள். ஒத்திகை அறைகள் பெரும்பாலும் சின்னவை, வெளிச்சம் எப்போதும் பற்றாக்குறை. என் கேமரா ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள ஒரு சாதாரண மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா). அதன் உடலுக்குள் ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி, கிடையாது. நான் சொல்வதில் இந்தச் சாய்வு கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முகத்தை மாற்றுவது தூரம்

லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. கூடக் கூட அதன் பார்வை குறுகும். 35 மி.மீ. லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், 85 மி.மீ. முகத்தை அழகாக்கும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். லென்ஸ் பாவம், அதற்கும் மூக்குக்கும் ஒரு பகையும் இல்லை. எல்லாம் தூரத்தின் வேலை. ஒருவருடைய மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் ஆழத்தில் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மூக்கிலிருந்து அரை மீட்டரில் இருந்தால் காது 62 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் பெரிதாக விழும். ஒரு மீட்டருக்குப் போனால் 12 சதவீதம். இரண்டு மீட்டரில் 6. நான்கு மீட்டரில் 3. எந்த லென்ஸ் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அகலக் கோண லென்ஸை மாட்டினால் முகத்தை ஃபிரேமில் நிரப்ப நாம் நெருங்கிப் போகிறோம், அதனால்தான் பழி லென்ஸ் மேல் விழுகிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸிலேயே பார்த்துவிடலாம். யாரையாவது உட்காரவைத்து, லென்ஸை 16 மி.மீ.-இல் வைத்து, தலையும் தோளும் ஃபிரேமை நிரப்பும் வரைக்கும் நெருங்கி ஒரு படம். பிறகு 50-க்குத் திருப்பி, முகம் அதே அளவில் தெரியும் இடம் வரைக்கும் பின்னால் நகர்ந்து இன்னொன்று. இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். முதல் படத்தில் காது மடல்கள் கன்னத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கும். நெற்றி முன்னால் தள்ளியிருக்கும். கண்களுக்கு நடுவிலிருந்து மூக்கு நம்மை நோக்கி இறங்கி வருவதுபோல இருக்கும். இரண்டாவது படத்தில் காதுகள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருக்கும், தாடை எலும்பின் கோடு தெரியும், கழுத்துக்கு ஒரு கனம் வந்திருக்கும். கண்ணாடி போட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. முதல் படத்தில் கண்ணாடியின் காதுப்பிடிகள் உள்நோக்கிச் சரிவதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரைக்கும் முகம் நமக்குப் பழகிய முகமாகவே இருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரை நாம் பார்க்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். ஐந்து மீட்டருக்கு மேல் போனால் முகம் தட்டையாக ஆரம்பிக்கும். அதைவிட எனக்குப் பெரிய குறை, அந்தத் தூரத்தில் ஆளோடு பேச முடியாது, கத்த வேண்டியிருக்கும். கத்தினால் முகம் இறுகிவிடும்.

எந்த மி.மீ. வேண்டும்

தூரம் முடிவானால் ஃபோகல் லெங்த், அதாவது அந்த மி.மீ. எண், தானாக வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி அதைவிடச் சின்னது: சோனி, நிக்கான், ஃபூஜி கேமராக்களில் லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ.-ஐ 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனானில் 1.6-ஆல், இன்னும் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆல். ஆக, ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. காட்டும் பார்வையை ஏபிஎஸ்-சியில் 56-உம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 42.5-உம் காட்டும். இந்த மூன்றையும் ஒரே குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், இந்தக் குடும்பத்தில் எந்த லென்ஸானாலும், தலையும் தோளும் எடுக்க ஆளிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இடுப்புக்கு மேலே வேண்டுமென்றால் 2.1 மீட்டர். தலையிலிருந்து பாதம் வரைக்கும், மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 4.7 மீட்டர். இதோடு நீங்கள் நிற்கவும் கையை மடக்கவும் அரை மீட்டர் சேருங்கள். ஆளுக்கும் பின்னாலிருக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மீட்டர் விடுங்கள். சுவரில் சாய்ந்து நிற்பவரின் பின்னணியை எந்த லென்ஸாலும் மங்கலாக்க முடியாது. கூட்டிப் பாருங்கள், இடுப்பளவுப் படத்துக்கே நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அறை தேவைப்படுகிறது.

இப்போது உங்கள் டேப் சொன்ன எண்ணோடு நாற்காலிக்குப் பின்னாலிருக்கும் இடத்தையும் கூட்டிப் பாருங்கள். அறை மூன்று மீட்டர்தான் என்றால் 85 குடும்பத்தை வாங்கிவிட்டு முகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே ஃபுல் ஃபிரேமில் 50, ஏபிஎஸ்-சியில் 35, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 என்று ஒரு படி இறங்குவது நல்லது. அவற்றில் இடுப்பளவுக்கு ஒன்றேகால் மீட்டர், முழு உருவத்துக்கு 2.8 மீட்டர் போதும். தலையும் தோளுமாக நெருக்கிக் கட்ட மட்டும் இவற்றை வைத்து முயலாதீர்கள், 80 செ.மீ.-க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் இருக்கும்போது ஓரங்களை வெட்ட ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிவதே இல்லை.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. லென்ஸ், 75 போல நடந்துகொள்ளும், கேனானில் 80. மலிவான 50 ஏறக்குறைய எல்லா மவுண்டுக்கும் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் அமைப்பு) கிடைக்கும் என்பதால், எதையும் முடிவு செய்ய முடியாமல் தவிப்பவர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

வெளியில், மரத்தடியில், திறந்த வெளியில்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு இடப் பிரச்சினையே இல்லை. அவர்களுக்கு நான் சொல்வதைக் கேட்டால் லென்ஸ் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. அதற்கு அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் வாசல்) கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

வகுத்துப் பாருங்கள்

லென்ஸின் மி.மீ.-ஐ அதன் எஃப் எண்ணால் (எஃப்/1.8 என்பதுபோல எழுதியிருக்கும், எண் சின்னதானால் வாசல் பெரிது) வகுத்தால் கிடைப்பது, ஒளி நுழையும் வாசலின் விட்டம். தலையும் தோளும் ஒரே அளவில் விழும்படி எடுத்தால், தொலைவில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த விட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. கிட் லென்ஸை 50-இல் வைத்தால் அது பெரும்பாலும் எஃப்/5.6-க்கு இறங்கிவிடும்: விட்டம் 9 மி.மீ. அதனால்தான் அதில் பின்னணி பிடிவாதமாகத் தெரிந்துகொண்டே இருக்கிறது. 50 எஃப்/1.8 என்றால் 28. 45 எஃப்/1.8 என்றால் 25. 56 எஃப்/1.4 என்றால் 40. 85 எஃப்/1.8 என்றால் 47.

இப்போது கிட் லென்ஸோடு சேர்த்து விற்கும் அந்த நீளமான, இருட்டான டெலி ஜூமை (தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ்) எடுங்கள். சோனியின் 55-210, கடைசி முனையில் எஃப்/6.3. 210-ஐ 6.3-ஆல் வகுத்தால் 33. நிக்கானின் 50-250-இல் கிட்டத்தட்ட 40. ஆமாம், 50 எஃப்/1.8-ஐ விட அதிகம். பகல் வெளிச்சத்தில், ஆளிலிருந்து ஐந்து ஆறு மீட்டர் தள்ளி நிற்க இடமிருந்தால், அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அந்த ஜூமே பின்னணியைக் கரைத்துக் கொடுக்கும். முகம் லேசாகத் தட்டையாகும், கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வெளியில் மட்டும் எடுப்பவர்கள் ஒரு மாலை இதை முயன்று பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுக்கட்டும்.

அந்த ஜூமால் முடியாதது ஒன்று உண்டு, அது வெளிச்சம் குறைந்த இடம். எஃப்/5.6-க்கும் எஃப்/1.8-க்கும் நடுவே கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி வித்தியாசம். ஷட்டர் 1/20 நொடி திறந்திருக்க வேண்டும் என்று கிட் லென்ஸ் கேட்கும் அறையில், அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன்), எஃப்/1.8 லென்ஸ் 1/200 தரும். 1/20-இல் பேசிக்கொண்டிருப்பவரின் உதடு நிற்காது, 1/200-இல் நிற்கும். ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவதைப் பிடிக்காது. அதனால் என்னைப் பொறுத்தவரை பெரிய அபெர்ச்சருக்குக் கொடுக்கும் காசு வெளிச்சத்துக்கான காசு. மங்கலான பின்னணி கூடவே வரும் இலவச இணைப்பு. வரலாறும் அப்படித்தான். 1840-இல் ஜோசப் பெட்ஸ்வல் கணக்குப் போட்டு வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸ் சுமார் எஃப்/3.6. அன்று புழக்கத்திலிருந்த லென்ஸ்கள் எஃப்/15-ஐ ஒட்டி இருந்தன. முகத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் ஆள் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். பெட்ஸ்வல் குறைத்துக் கொடுத்தது அந்தத் தண்டனையை.

அப்படியானால் எஃப்/1.2 இன்னும் நல்லதுதானே? முகத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் கட்சி. ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ., எஃப்/1.8, இரண்டு மீட்டர் தூரம்: கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. தலையும் கழுத்தும் மட்டும் போதும் என்று 1.2 மீட்டருக்கு நெருங்கினால் அது 2 செ.மீ. சொச்சம்தான். ஆள் முகத்தை முக்கால்வாசி திருப்பி உட்கார்ந்திருந்தால் கிட்டத்துக் கண்ணுக்கும் தூரத்துக் கண்ணுக்கும் நடுவிலேயே அதைவிட அதிக ஆழம் இருக்கிறது. ஒரு கண் கூர்மை, இன்னொரு கண் பனிமூட்டம். அப்போது நீங்களே எஃப்/2.8-க்கு மூடிவிடுவீர்கள். மூடப்போகும் கதவுக்குப் பல மடங்கு விலையும், அரைக் கிலோ கூடுதல் எடையும் எதற்கு?

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர்கள் இதில் மனம் தளர வேண்டாம். அங்கே 45 எஃப்/1.8 தரும் ஆழம், ஃபுல் ஃபிரேமில் எஃப்/3.6 தருவது போல இருக்கும். வெளிச்சம் மட்டும் எஃப்/1.8-க்கு உரியதே வரும். இரண்டு கண்ணும் கூர்மையாக, ஷட்டரும் வேகமாக. ஒத்திகை அறையில் எனக்கு அது பல நேரம் பொறாமையாகவே இருக்கும்.

பெயர்கள்

ஏபிஎஸ்-சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலிவான நல்ல லென்ஸ்கள் குவிந்து கிடப்பது இங்கேதான். சிக்மா 56 எஃப்/1.4, 2018-இல் வந்தது, 280 கிராம். அபெர்ச்சரை முழுக்கத் திறந்தே கூர்மையாக எடுக்கும். சோனி, ஃபூஜி, நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்று ஏறக்குறைய எல்லா மவுண்டுக்கும் உண்டு. என் கேமராவில் இருப்பது இதுதான், பையில் போட்டால் இருப்பதே தெரியாது. இதற்கும் கீழே இறங்க வேண்டுமென்றால் வில்ட்ராக்ஸ் 56 எஃப்/1.4, அதைவிடச் சின்னதாக, சுமார் 170 கிராமில், அதே நிறுவனத்தின் 56 எஃப்/1.7. எஃப்/1.4-க்கும் எஃப்/1.7-க்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). அதை முகத்தில் கண்டுபிடித்துச் சொல்பவரை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

சோனி ஏபிஎஸ்-சி உடலில் ஸ்டெபிலைசேஷன் இல்லாதவர்கள் சோனியின் 50 எஃப்/1.8 ஓஎஸ்எஸ்-ஐயும் பார்க்கலாம். 202 கிராம், ஸ்டெபிலைசேஷன் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது; வீடியோவும் எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: சோனியில் 50 எஃப்/1.8 என்று இரண்டு லென்ஸ் உண்டு. எஃப்இ என்று தொடங்குவது ஃபுல் ஃபிரேமுக்கானது, அதில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. பெயரைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டு வாங்குங்கள். ஃபூஜியில் 50 எஃப்/2, 200 கிராம், தூறலுக்கும் தூசிக்கும் தாக்குப்பிடிக்கும் சீல் உண்டு. எஃப்/2 என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கேனானில் வெளி நிறுவனங்களின் வரவு தாமதம். சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப் மவுண்டுக்கு ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அறிவித்ததே 2024-இல்தான். அதனால் அங்கே முதல் பதில் ஆர்எஃப் 50 எஃப்/1.8: 160 கிராம், 43 மி.மீ. ஃபில்டர், ஏபிஎஸ்-சி உடலில் 80 போல வேலை செய்யும், நாளைக்கு ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலும் கூடவே வரும். ஃபுல் ஃபிரேம் கேனானுக்கு ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோ. அரைக் கிலோ. 35 செ.மீ. வரைக்கும் நெருங்கும், ஸ்டெபிலைசேஷன் உண்டு. மேக்ரோ லென்ஸ் என்பதால் ஃபோகஸ் கண்ணாடிகள் ஓட வேண்டிய தூரம் அதிகம். பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் எல்லை சுவிட்சை அரை மீட்டருக்கு அப்பால் என்று வைத்துவிட்டால் முகம் எடுக்கும்போது அலைபாயாது. பழைய 85 எஃப்/1.8 யூஎஸ்எம், 1992-இல் வந்தது, இன்றும் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது; பழைய லென்ஸைப் புதிய உடலோடு இணைக்கும் கேனானின் அடாப்டர் வழியாக மாட்டினால் ஆட்டோஃபோகஸ், கண் கண்டறிதல் எல்லாம் வேலை செய்யும்.

மற்ற ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. சோனி எஃப்இ 85 எஃப்/1.8, 371 கிராம். பானசோனிக் எஸ் 85 எஃப்/1.8, 355 கிராம். நிக்கான் இசட் 85 எஃப்/1.8 எஸ், 470 கிராம். மூன்றில் விலை கூடியது, கையைக் கடிக்காமல் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர் 85 எஃப்/1.8 ஜியும் எஃப்டிஇசட் அடாப்டரில் நன்றாக ஓடும். ஆனால் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று இல்லாத டி வரிசை லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை, நிக்கானின் அந்த அடாப்டரிலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். சின்ன அறையும் ஃபுல் ஃபிரேம் சோனியும் வைத்திருப்பவர்களுக்குச் சாம்யாங் 75 எஃப்/1.8, 230 கிராம், பலரும் மறந்துபோகும் நல்ல தேர்வு.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டே பெயர். ஒலிம்பஸ் 45 எஃப்/1.8, 116 கிராம், 2011 முதல் புழங்குவதால் செகண்ட் ஹேண்டில் ஏராளம். பானசோனிக் 42.5 எஃப்/1.7, 130 கிராம். ஸ்டெபிலைசேஷனும் உண்டு, 31 செ.மீ. வரைக்கும் நெருங்கும். ஸ்டெபிலைசேஷன் இல்லாத பானசோனிக் பழைய உடல் வைத்திருந்தால் இரண்டாவது, மற்றவர்களுக்கு எது மலிவாகக் கிடைக்கிறதோ அது.

எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

விமர்சனங்களில் ஓரக் கூர்மை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். போர்ட்ரெய்ட்டில் ஓரத்தில் இருப்பது மங்கிய திரைச்சீலை. அதைத் தாண்டிப் போங்கள். பின்னணி விளக்குகள் எப்படி விழுகின்றன என்று மட்டும் மாதிரிப் படங்களில் பாருங்கள். ஒளி வட்டங்களுக்குள் வெங்காயத்தை வெட்டியதுபோல வளையங்கள் தெரிகின்றனவா, வட்டத்தின் விளிம்பில் அழுத்தமான கோடு ஓடுகிறதா? இலை, கிளை நிறைந்த பின்னணியில் இந்தக் கோடுகள்தான் ஒன்றோடொன்று பின்னி முகத்துக்குப் பின்னால் இரைச்சலாக மாறும். ஃபிரேமின் ஓரத்தில் வட்டங்கள் பூனைக்கண் போல நசுங்குவது மட்டும் எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கும், ஒரு படி மூடினால் குறையும்.

மலிவான எஃப்/1.8 லென்ஸ்களில் இன்னொரு குணம் உண்டு. நரைத்த தலைமுடி, கண்ணாடியின் உலோக விளிம்பு, கண்ணில் விழும் வெளிச்சப் பொட்டு, இவற்றில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையுமாக ஒரு சாயம் ஒட்டிக்கொள்ளும். எஃப்/2.8-இல் பெரும்பாலும் மறைந்துவிடும். மிச்சத்தை ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) கணினியில் திருத்தும்போது ஒரு ஸ்லைடரில் துடைத்துவிடலாம். இதற்காக ஒரு லென்ஸை நிராகரிக்க வேண்டியதில்லை.

பழைய கைமுறை லென்ஸ்கள்

மிரர்லெஸ் வந்ததில் எனக்கு ஆகப் பெரிய சந்தோஷம் இதில்தான். பழைய ஃபிலிம் கேமராக்களின் எம்42 திருகு மவுண்டில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. இடைவெளி, சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. மீதியை நிரப்ப, கண்ணாடியே இல்லாத வெறும் உலோக வளையம் ஒன்று போதும். என்னிடம் ஒரு சூப்பர் டாக்குமர் 55 எஃப்/1.8 இருக்கிறது. ஏபிஎஸ்-சியில் அது 82 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸ். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது விரலில் தெரியும் அந்த வழுவழுப்புக்காகவே சில நாள் சிக்மாவை வீட்டில் விட்டுப் போவேன். டாக்குமர்களில் சில வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது காலப்போக்கில் மஞ்சள் பூத்துவிடும். புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ சில நாள் வைத்தால் தெளியும். ஹீலியோஸ் 44, 58 எஃப்/2, பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும். முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். எல்லாப் படமும் சுழல ஆரம்பித்ததும் அலுத்துவிடும், எனக்கு அப்படித்தான்.

மாட்டியதும் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதியுங்கள், இல்லையென்றால் கேமரா அசையாது. உடலில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் மி.மீ.-ஐக் கையால் பதிவு செய்யுங்கள். கூர்மையான இடங்களைத் திரையில் கோடிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக் கோடுகளை முழுதாக நம்ப வேண்டாம், எஃப்/1.8-இல் அது புருவத்தையும் கண்ணையும் ஒன்றாகவே காட்டும். ஒரு பட்டனில் பெரிதாக்கும் வசதியை வைத்துக்கொண்டு இமை முடியைப் பார்த்துத் திருப்புங்கள். உட்கார்ந்து பேசுகிறவருக்கு இது சரிப்படும். ஓடும் குழந்தைக்கு ஆட்டோஃபோகஸ்தான், வீம்பு வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

பட்ஜெட் குறைவு என்றால் புதிய சுமார் லென்ஸைவிடப் பழைய நல்ல லென்ஸ். போகும்போது கேமராவையும், பிரகாசமான சின்ன டார்ச்சையும் எடுத்துப்போங்கள்; செல்போன் டார்ச்சும் போதும். பின்பக்க மூடியைக் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, டார்ச்சை ஒரு முனையில் சரிவாகப் பிடித்து மறுமுனை வழியாக உள்ளே பாருங்கள். தூசி துகள்களாக மின்னும், எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் விழாது. பூஞ்சை அப்படியில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கி, கிளை விட்டுப் பிரியும் மெல்லிய வெள்ளை நரம்புகளாகத் தெரியும். அதைப் பார்த்ததும் மூடியை மாட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலையைக் குறைப்பதாகச் சொன்னாலும் சரி. கண்ணாடி முழுவதும் மெல்லிய ஆவி படிந்தது போல ஒரு மங்கல் தெரிந்தால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் எல்லாப் படமும் சோகையாகத்தான் வரும்.

முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலை வைத்துக்கொண்டு விலை பேசலாம், ஏனென்றால் அது படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். பழைய லென்ஸானால் அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பி இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் பிடித்த இதழ் சோம்பலாக மூடும். மவுண்டின் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் தடம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். லென்ஸை மெதுவாக ஆட்டும்போது உள்ளே ஏதோ நகர்வது போலிருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். லீனியர் மோட்டார் உள்ள பல புதிய லென்ஸ்களில், மின்சாரம் இல்லாதபோது ஃபோகஸ் கண்ணாடிகள் சுதந்திரமாகத்தான் ஆடும். கேமராவில் மாட்டி ஆன் செய்ததும் சத்தம் நின்றால் பழுதில்லை.

வீட்டுக்கு வந்ததும்

புதியதோ பழையதோ, திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நெருக்கமாக அச்சடித்த ஒரு பெரிய தாளைச் சுவரில் சமமாக ஒட்டி, கேமராவை நேர் எதிரில் நிலையாக வைத்து, முழு அபெர்ச்சரில் படம் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தால், கேமரா நேராகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, திருப்பிவிடுங்கள். பிறகு யாரையாவது ஜன்னலோரம் உட்காரவைத்து, லேசாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டே பேசச் சொல்லி, கண் கண்டறிதலைப் போட்டு முழு அபெர்ச்சரில் இருபது படம். அதில் இமை முடி கூர்மையாக இருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு தப்பினால் பரவாயில்லை. பாதிக்குப் பாதி தப்பினால், முதலில் லென்ஸின் ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். வில்ட்ராக்ஸ் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மவுண்ட் பக்கத்திலேயே ஒரு யூஎஸ்பி துளை இருக்கும். கணினியில் செருகி நிறுவனத்தின் கோப்பை ஏற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கேமராவின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்கு முன்னாலும், உங்கள் லென்ஸுக்கு அது ஒத்துவருகிறதா என்று லென்ஸ் நிறுவனத்தின் குறிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.